இரவுப் படமும் பக்கத்து வீடும்



பார்க்கிங்கில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். இரவு படம் போட்டால் கதைப்பது கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் உடனே சண்டைக் காட்சி, சுவர் அதிரும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விடியுமுன் வேலைக்குப் போகிறவர். என் அம்மாவுக்கோ காது மந்தம். ரிமோட்டும் கையுமாக இருந்து அலுத்துத்தான் 2005இல் ஒரு கொம்பிரசர் செய்தேன்.

குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் கொம்பிரசர் அல்ல இது. சத்தம் ஏறும்போது தானாகவே அடக்கும் கருவி. 1960களில் அமெரிக்காவில் ஜிம் லோரன்ஸின் டெலட்ரோனிக்ஸ் நிறுவனம் செய்த எல்.ஏ.2ஏ இதில் புகழ்பெற்றது. சத்தம் கூடினால் உள்ளே ஒரு தகடு ஒளிரும். அந்த வெளிச்சம் பட்டால் எல்.டி.ஆர் எனும் ஒளியுணர் தடையின் அளவு குறையும். ஒலியில் ஒரு பங்கு அதன் வழியே வடிந்துபோகும்.

நான் செய்தது அதன் ஏழைத் தம்பி. டிவிடி பிளேயருக்கும் அம்பிளிஃபயருக்கும் நடுவே, இடம் வலம் ஒவ்வொன்றிலும் 10 கிலோ ஓம் தடை, அதன் பின் எர்த் பக்கமாக ஒரு எல்.டி.ஆர். வெளியே போகும் ஒலியை டி.எல்.072 சில்லு பெருக்கி, பச்சை எல்.ஈ.டியை எரிக்கும். இரண்டு 9 வோல்ட் பற்றரி போதும். வீட்டு மின்சாரத்தைத் தொடவே இல்லை, நீங்களும் தொடாதீர்கள். எல்.ஈ.டி சுமார் 2 வோல்ட் வரை எரியாது. ஆகவே மெல்லிய பேச்சு தப்பிவிடும்.

முதலில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி எல்.ஈ.டி வைத்தேன். அதுதான் பிழை. இடப்பக்கம் வெடி வெடித்தால் அந்தப் பக்கம் மட்டும் அடங்கி, நடுவில் நிற்கும் கதாநாயகனின் குரல் வலப்பக்கம் ஓடிவிடும்! ஸ்ரீரியோவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே அடங்கவேண்டும். இரு பக்க ஒலியையும் 100 கிலோ ஓம் தடைகள் வழியாகச் சேர்த்து, ஒரே எல்.ஈ.டிக்கு முன் இரண்டு எல்.டி.ஆர்களையும் வைத்தேன். கடையில் பத்து வாங்கி, ஒரே வெளிச்சத்தில் மீற்றரால் அளந்து, ஒத்துப்போன சோடியை எடுத்தேன்.

எல்லாம் கறுப்புப் பிலிம் டப்பாவுக்குள். மூடி சரியாக இல்லாவிட்டால் மேசை விளக்கின் வெளிச்சம் புகுந்து அதுவும் ஒலியை அடக்கிவிடும்.

எல்.டி.ஆர் கொஞ்சம் சோம்பேறி. துப்பாக்கிச் சூட்டின் முதல் அதிர்வு தப்பிவிடும், பிறகுதான் அடக்கும். அதனால் ஸ்பீக்கரைக் காப்பாற்ற இதை நம்பவேண்டாம்.

பக்கத்து வீட்டிலிருந்து பிறகு சுவரில் தட்டு வரவில்லை. அம்மா மட்டும், "ஏன் தம்பி, பாட்டை இப்படி அமுக்கிறாய்?" என்று கேட்டா. பாட்டுக்கு வேறாக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன்.