பொறி யார் கையில்?

(திண்டுக்கல்லில் படிப்பகமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



கோட்டைமலையின் அடிவாரத்தில், மாலை வெயில் பாறைமீது சாயும் வேளையில் பேச நின்றேன். எனக்குப் பணிக்கப்பட்ட தலைப்பு, "கற்பனைக் கதைகளில் வீர நாயகியர்." முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "கட்சிக்காரர் பேசவேண்டிய பொருளா இது?" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். முணுமுணுப்பு மேடைவரை கேட்டது. ஆம் பெரியவரே, கட்சிக்காரர் பேசவேண்டிய பொருள்தான். கேளுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள் என்றே தொடங்கினேன்.

மேல்நாட்டிலே ஒருவகைக் காதல் நாவல் மலிந்து கிடக்கிறது. காலம் விக்டோரியா அரசியின் காலம். ஊர் பெரும்பாலும் இலண்டன். ஆனால் அந்த இலண்டனின் வானத்திலே நீராவிக் கப்பல்கள் மிதக்கும். பித்தளைச் சக்கரங்கள் சுழலும். சுக்கானைப் பிடித்திருப்பவள் ஒரு பெண்! இவ்வகைக்கு "ஸ்டீம்பங்க்" என்று பெயர், கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் எழுத்தாளர் 1987-ல் பாதி விளையாட்டாக இட்ட பெயர் அது. 2009-ல் கெயில் கேரிகர் எழுதிய "சோல்லெஸ்" என்ற நாவலின் நாயகி அலெக்சியா, குடையையே படைக்கலமாகக் கொண்டு திரிகிறாள். ஓநாயாக மாறும் பிரபு ஒருவனைக் காதலிக்கிறாள். நம் கல்லூரி மாணவியர் இவற்றைக் கைப்பேசியிலே படித்துக் களிக்கின்றனர். படிக்கட்டும்! பெண் அழுதுகொண்டே இருக்கும் கதைகளைப் படிப்பதைவிட, பெண் கப்பலோட்டும் கதையைப் படிப்பது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் இது ஏதோ இலண்டன் சரக்கு, நமக்குப் புதுச் சரக்கு என்று எவரேனும் எண்ணினால், அவருக்குத் தமிழ் தெரியவில்லை என்றே சொல்வேன்.

சீவக சிந்தாமணியைத் திறந்து பாருங்கள். 1887-ல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து நமக்களித்த காப்பியம். அதிலே மயிற்பொறி பறக்கிறது. தச்சன் செய்த பொறி. தேவன் கொடுத்த வரமன்று. வலப்புறம் திருகினால் முகில் கிழித்து ஏறும். இடப்புறம் திருகினால் தரையிலே இறங்கி நிற்கும். அதைச் செலுத்தக் கற்றவள் விசயை. அரசி; அப்போது கருவுற்றவள். பகைவன் அரண்மனையைச் சூழ்ந்தபோது தன்னந்தனியாக அதில் ஏறிப் பறக்கிறாள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னே ஒரு பெண்ணை வானூர்தியில் ஏற்றிய புலவரைப் போற்றுவோம்.

போற்றிவிட்டு, ஒன்றைக் கேட்போம். பொறியைச் செய்வித்தவன் யார்? கணவன் சச்சந்தன். எதற்காக? அமைச்சன் கட்டியங்காரனிடம் அரசை ஒப்படைத்துவிட்டு இன்பத்திலே மூழ்கிக் கிடந்தவன், தீக்கனாக் கேட்டு விழித்துக்கொண்டு, மனைவி தப்பியோட ஒரு வழி செய்தான். அவள் பறந்தது ஆள்வதற்கன்று, ஓடுவதற்கு! இறங்கியது சுடுகாட்டிலே. மகனைப் பெற்றாள், தவப்பள்ளிக்குச் சென்றாள், மகன் அரசனானதும் துறவு பூண்டாள். திருகத் தெரிந்த அந்தக் கை மீண்டும் ஒரு பொறியைத் தொடவேயில்லை.

அல்லி அரசாணி மாலைக்கு வருவோம். பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்ற கதை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, தெருவே கூடிக் கேட்ட கதை. மதுரையை ஆண்ட பெண்ணரசி அல்லி. ஆண்மகன் துணை வேண்டாள், போருக்கு அஞ்சாள். அவளை அர்ச்சுனன் எவ்வாறு வென்றான்? வில்லாலா? சொல்லாலா? கண்ணன் துணையோடு பாம்பு வடிவெடுத்துப் பள்ளியறை புகுந்து, உறங்குகிறவள் கழுத்திலே தாலியைக் கட்டினான்! இதற்குக் காதல் என்று பெயராம். திருட்டு என்பதுதான் சரியான பெயர்.

அதற்கும் மேலே ஒன்று. இன்றைக்கும் ஒரு வீட்டில் பெண் குரல் ஓங்கினால் ஊர் என்ன சொல்கிறது? "அங்கே அல்லி ராச்சியம்!" ஆண்டவளின் பெயரையே ஏளனச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பாம்பானவனின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம்.

கதை கிடக்கட்டும், உண்மைக்கு வருவோம் என்பீர்கள். வாருங்கள், தொலைவில்லை. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், சிவகங்கை அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது இதே திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில். அடைக்கலம் தந்தவர் கோபால நாயக்கர். திண்டுக்கல் அப்போது ஐதர் அலியின் ஆட்சியில் இருந்தது. அவருடைய உதவியைப் பெற்று, படை திரட்டி, 1780-ல் நாட்டை மீட்டார் நாச்சியார். விசயை ஓடினாள், ஒடுங்கினாள். நாச்சியார் ஓடினார், எட்டாண்டு காத்திருந்தார், திரும்பினார். எந்த நாவலாசிரியரின் கற்பனையும் இதற்குமேல் என்ன செய்துவிடும்?

இனி நான் சொல்ல வந்த கதை. 1905-ஆம் ஆண்டு. சென்னையில் கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் நடத்திய "இந்தியன் லேடீஸ் மேகசின்" என்னும் ஆங்கில மாத இதழ். அதிலே வங்கத்து முசுலிம் பெண் ஒருவர் ஒரு கதை எழுதினார். பெயர் ரொக்கையா சகாவத் உசேன், வயது இருபத்தைந்து, பள்ளிக்கூடம் சென்று பயிலாதவர். கதையின் பெயர் "சுல்தானாவின் கனவு."

அந்தக் கனவிலே ஒரு நாடு. ஆடவர் வீட்டுக்குள்ளே அடைபட்டுச் சமைக்கின்றனர், பெண்டிர் ஆளுகின்றனர். பெண்கள் பல்கலைக்கழகங்கள் இரண்டு. ஒன்று முகிலிலிருந்து நீரைக் குழாய்வழி இறக்குகிறது. மற்றொன்று ஞாயிற்றின் வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது. பகைவன் படையெடுத்து வந்தபோது, அடுப்புக்குச் சேர்த்த அந்த வெப்பத்தையே திருப்பிவிட்டு அவனை விரட்டுகிறார்கள். ஊர்சுற்ற வானூர்தி. இருபத்தொரு வயதுக்குமுன் திருமணம் இல்லை. வேலை நேரம் நாளொன்றுக்கு இரண்டே மணி! எப்படி முடிகிறது என்று கேட்டால், முன்பு ஆடவர் அலுவலகத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் சுருட்டுப் பிடித்துக் கழித்த நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். சுருட்டுக்குப் பேர்போன இந்த ஊரில் இதைச் சொன்னபோது அரங்கிலே பெண்கள் பக்கம்தான் சிரிப்பு முதலில் எழுந்தது.

ஆடவரை அடைத்துவைப்பது நம் கொள்கையன்று. ரொக்கையாவும் அதைக் கொள்கையாகச் சொல்லவில்லை. கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார், அவ்வளவே. அவர் கதையில் காதல் இல்லை என்பதும் உண்மை. ஆயினும் விசயைக்கும் இந்தக் கதைப் பெண்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இங்கே பொறியைச் செய்தவர்களும் பெண்கள். அது எதற்குப் பயன்படவேண்டும் என்று முடிவு செய்தவர்களும் பெண்கள். கனவு கண்டதோடு அவர் நிற்கவுமில்லை. 1911-ல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்து, வீடு வீடாகச் சென்று மாணவியரைக் கேட்டுப் பெற்றார்.

பெரியவரே, இப்போது கட்சிக்காரன் பேசவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

இந்தச் சமவெளியிலே பெண்ணும் பொறியும் சந்திக்கும் இடம் நாவலில் இல்லை; நூற்பாலையில் இருக்கிறது. வேடசந்தூர்ச் சாலையிலே போய்ப் பாருங்கள். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்றைப் பல மாவட்டத்து ஆலைகள் நடத்தின. ஏழைச் சிறுமி மூன்றாண்டு விடுதியில் அடைபட்டு உழைக்கவேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை. இடையிலே நோயுற்றுத் திரும்பினால் தொகை போயிற்று. அவளுடைய கூலியையே பிடித்துவைத்து, அதற்குத் தாலியின் பெயரைச் சூட்டினார்கள்! அர்ச்சுனன் ஓரிரவில் செய்ததை இவர்கள் மூன்றாண்டு தவணையில் செய்தார்கள்.

2021 சனவரியில், இம்மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். கைதானவன் அவளுடைய மேற்பார்வையாளன். அழுதுவிட்டு அடங்கவில்லை அவளுடைய தோழியர். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. உலகம் அதற்கு இட்ட பெயர் "திண்டுக்கல் உடன்பாடு"! எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். போன்ற அயல்நாட்டுப் பெருநிறுவனங்களும் கட்டுப்பட்டன. ஆலைத் தளத்திலே தொல்லை நடந்தால் பார்த்துச் சொல்லும் பொறுப்பு, பயிற்சி பெற்ற தொழிலாளிப் பெண்களுக்கே தரப்பட்டது. அதன் கீழ் வந்தோர் ஐயாயிரம் பேர்வரை. நூற்பாலைகளில் பணியாற்றும் மற்றப் பெண்கள்? அவர்கள் அந்த உடன்பாட்டில் அடங்கவில்லை.

வீர நாயகிக் கதை எழுதும் இளைஞர்களே! பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு இலண்டன் பித்தளைச் சக்கரத்துக்கு ஏன் ஏங்குகிறீர்கள்? இரவு முறை முடிந்து பஞ்சுத் தூசியோடு வெளிவருகிறவள் கையிலே சுக்கானைக் கொடுங்கள். அவள் யாரைக் காதலிக்கவேண்டும் என்பதையும் அவளையே முடிவு செய்ய விடுங்கள். சாதி பார்த்து நீங்கள் முடிச்சுப் போடாதீர்கள்.

பேச்சு இவ்வளவுதான். கூட்டம் கலைந்தபின் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மெலிந்த பெண் ஒருத்தி வந்து நின்றாள். "அந்தக் கனவுக் கதை தமிழில் கிடைக்குமா, ஐயா? எங்கள் விடுதியில் எட்டுப் பேர் படிப்போம்" என்றாள். நானே தமிழில் எழுதி அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லி முகவரி கேட்டேன். சற்றுத் தயங்கினாள். "விடுதிக்கு வேண்டாம் ஐயா, பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். இந்தப் படிப்பகத்துக்கே அனுப்புங்கள். வெளியே விடுகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றாள்.

எழுதத் தொடங்கிவிட்டேன்.