கடல் கடந்தவர்கள் எதைக் கட்டினார்கள்?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

  

லெப்பைக்குடிகாட்டிலோ வி.களத்தூரிலோ ஒரு தெருவில் நின்று, "சபுரில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வீடு பதில் வரும். துபாய், சவூதி, குவைத், மலேசியா என்று நம் பிள்ளைகள் பரந்து கிடக்கிறார்கள். கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. கடந்தவர்கள் எதைக் கட்டி வைத்தார்கள் என்பதே என் கேள்வி.

ஆங்கிலம் பேசுவோரைப் பாருங்கள். 1620-ல் மேஃபிளவர் கப்பலில் ஒரு கூட்டம் அமெரிக்கா போனது. 1788-ல் கைதிகளை ஏற்றிய கப்பல்கள் சிட்னியில் கரை சேர்ந்தன. 1776-ல் விடுதலையை அறிவித்த அமெரிக்கா, போரிட்டே பிரிட்டனிடமிருந்து பிரிந்தது. ஆனாலும் மொழி பிரியவில்லை, சட்டமுறை பிரியவில்லை. 1902-ல் இறந்த சிசில் ரோட்ஸ் எழுதி வைத்த சொத்தில், அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய மாணவர்கள் ஆக்ஸ்போர்டில் படித்தார்கள். 1973-ல் செய்த ஏற்பாட்டால் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் ஒருவர் நாட்டில் மற்றவர் தங்கி உழைக்கிறார்கள். வெறும் பாசம் இதைச் செய்யவில்லை. கல்வி நிதியும் ஒப்பந்தமும் செய்தன.

அதே மொழி வாசலையும் அடைத்தது. 1901-ல் ஆஸ்திரேலியா ஒரு சட்டம் போட்டது. வந்திறங்குபவர், அதிகாரி சொல்லச் சொல்ல ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை எழுதிக் காட்ட வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம்! ஆசியர்களைத் தடுக்க வைத்த இந்தப் பொறி 1958 வரை நீடித்தது.

நம் முன்னோர்கள் சும்மா இருந்தார்களா? பினாங்கில் 1801-ல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பினார்கள். சிங்கப்பூரில் 1826-ல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். 1887-ல் மகுதூம் சாயபு அங்கே 'சிங்கை நேசன்' தமிழ் ஏட்டை நடத்தினார். போன இடத்தில் தொழுகைக்கு இடமும், படிக்கத் தாய்மொழியும் வைத்தார்கள்.

வளைகுடா அப்படியல்ல. ஒப்பந்தம் முடிந்தால் திரும்பித்தான் வரவேண்டும். ஆகவே கட்ட வேண்டியதை இங்கேதான் கட்ட வேண்டும். நாமோ மாடி வீடுகளைக் கட்டினோம், மனிதர்களைக் கட்டினோமா?

இளைஞனே! பொதுவாக, பத்தாம் வகுப்பு தேறாதவனுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவனுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று ஏஜெண்ட் சொன்னால், அது வழியல்ல, வலை! 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடு. படிப்பை முடி. பிறரிடம் பேச ஆங்கிலம் கற்றுக்கொள். உன் பிள்ளையிடம் பேசத் தமிழை வைத்துக்கொள்.

வணிகர்களே! ரோட்ஸிடம் வைரச் சுரங்கம் இருந்தது. நம்மிடம் கடைகள் இருக்கின்றன. சபுராளிகளின் சம்பளம் இருக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவும் மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாணவனையும் ஒரு மாணவியையும் கல்லூரிக்கு அனுப்பட்டும். உங்கள் ஜமாஅத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதை எழுந்து நின்று கேளுங்கள்.

கடனோடு கப்பலேறிய தலைமுறை நம்மோடு முடியட்டும்!