பச்சைப் பெயின்ட்

"பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சுவரைத் தொடாதே" என்றார் பாட்டி. நான் கேட்கவில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம், பயலுக்கு இரண்டு வயது, ஹாலில் பெயின்டர். அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க, உதிர்ந்த பச்சைப் பொருக்கு ஒன்றை அப்பளம் மாதிரி வாயில் போட்டுக்கொண்டான் பயல். விரல் விட்டு எடுத்தேன். கடித்துவிட்டான், அது வேறு கதை.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். தேய்க்கும்போது கிளம்பும் ஈயத் தூசு பிஞ்சு மூளையைப் பாதிக்கும். தாயின் ரத்தம் வழியாகக் கருவையும் சேரும். சுவரை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். தரையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

அன்று மாலையே இருவரையும் மாமியார் வீட்டில் விட்டேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மென்றபடி சிரித்தார்.