கொடியில் நிற்கும் சேவலும் களத்தில் நிற்கும் சேவலும்



கந்தசஷ்டிப் பெருவிழாவின் ஆறாம் நாள் மாலை இது. சற்று முன்னர்த்தான் நம் கோயில் வீதியிலே சூரசங்காரம் கண்டு வந்தோம். யானைமுகன் வீழ்ந்தான், சிங்கமுகன் வீழ்ந்தான், சூரபதுமன் மாமரமாய் நின்றான், வேல் பாய்ந்தது, மரம் பிளந்தது. அந்த வேளையில் சேவல் ஒன்றினை வானில் பறக்கவிட்டனர். கூட்டம் முழுவதும் அரோகரா முழக்கம் எழுப்பியது. நம் அருகே தந்தையின் தோள்மீது அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் மட்டும், "அப்பா, இந்தச் சேவலைக் கட்டுக்கு விடுவார்களா?" என்று கேட்டான். சுற்றி நின்றோர் சிரித்தனர். நம்மால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை அறிந்த சேவல் காலிலே கத்தி கட்டிய சேவல். நாம் வணங்கும் சேவல் கொடியிலே நிற்கும் சேவல். இவ்விரண்டும் ஒன்றா, வேறா? இன்று பேச எண்ணி வந்த பொருளை ஒதுக்கிவிட்டு, அக்குழந்தையின் வினாவையே இன்றைய பொருளாகக் கொள்கின்றோம்.

சேவற்போர் நம் நாட்டிலே நேற்றுத் தோன்றியதன்று. புறப்பொருள் வெண்பாமாலை என்னும் இலக்கண நூலில் 'கோழி வென்றி' என்று ஒரு துறையே வகுக்கப்பட்டுள்ளது. குறுந்தொகையில் குப்பைமேட்டுக் கோழிகளின் போரை உவமையாக்கிப் பாடிய புலவர் ஒருவர், அவ்வுவமையாலேயே குப்பைக்கோழியார் என்று பெயர் பெற்றார். விழுப்புரத்துப் பக்கத்து அரசலாபுரத்திலும், இந்தளூர் என்னும் ஊரிலும், போரிட்டு மாண்ட சேவல்களுக்கு நடுகல் நிறுத்தி, வட்டெழுத்திலே செய்தியும் பொறித்திருக்கின்றனர். அவை ஏறத்தாழ 1500 ஆண்டுப் பழைமையுடையன. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு எடுத்த கல்லைப் பறவைக்கும் எடுத்த மக்கள் நம் முன்னோர். அவர்கள் அந்தச் சேவலை எத்துணை உயர்வாக மதித்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையொன்றைச் சேவல் ஒன்று எதிர்த்து வென்ற இடமாதலின் அங்கே நகர் எடுத்தனர் என்பது பழங்கதை. சிலப்பதிகாரமும் அதனைக் குறிக்கின்றது. திருஞானசம்பந்தப் பெருமான் பாடிய திருமூக்கீச்சரம் என்னும் தலம் அவ்வூரிலேதான் உள்ளது. ஆதலின் சேவலின் வீரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. எளிய பறவையொன்று பெருங்களிற்றை எதிர்த்து நின்றது என்றால் அது போற்றத் தக்கதே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தச் சேவலை யானைமீது ஏவியவர் எவர்? அதன் காலில் கத்தி கட்டியவர் எவர்? அதன்மீது பணம் வைத்தவர் எவர்? ஒருவரும் இலர். வீரம் அதன் சொந்த வீரம்.

இனி, இன்றைய சேவற்கட்டு எவ்வாறு நடைபெறுகின்றது என்று காண்போம். அறியாதார் அறிதற்பொருட்டுச் சொல்கின்றோம், அறிந்தோர் பொறுத்தருள்க. வெறுங்காலில் மோதவிடும் முறை ஒன்று. அதனை வெப்போர் என்பர். காலின் முள்ளோடு சேர்த்துக் கூரிய கத்தியைக் கட்டி விடும் முறை மற்றொன்று. கம்பும் கேழ்வரகும் ஊட்டி, நீரில் நீந்தவிட்டு உடலை இறுக்கி, பிள்ளையைப் போல் பறவையை வளர்க்கின்றனர். காகம், வல்லூறு, கீரி, மயில் என்று நிறத்தால் பெயரிட்டு, பஞ்சபட்சி பார்த்து, எந்த நாழிகையில் எந்த நிறம் வெல்லும் என்று கணிக்கின்றனர். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். அது வென்றவன் வீட்டு அடுப்புக்குச் செல்லும். கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசு பொங்கல் நாளிலே நடைபெறும் கட்டினால் பெயர்பெற்றது. ஆந்திர நாட்டுக் கோதாவரிக் கரையிலும் சங்கராந்தி வேளையில் பெருந்தொகைகள் பந்தயமாகக் கைமாறுகின்றன.

இதனை ஆதரிப்போர் கூறும் காரணங்களையும் நடுநிலையோடு கேட்க வேண்டும். "இது எம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். அசீல் என்னும் நாட்டுச் சேவலினம் இன்றளவும் அழியாதிருப்பது எம்போன்றோர் வளர்ப்பதனாலன்றோ? நாள்தோறும் கூண்டிலே அடைபட்டு, சில வாரங்களிலே அறுபடும் கோழியைவிட எம் சேவல் பன்மடங்கு மதிப்போடு வாழ்கின்றதே! அதனை உண்போர் எம்மைக் கொடியர் என்று சொல்லலாமா?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. தன் இலையில் இறைச்சியை வைத்துக்கொண்டு பிறர் கையிலுள்ள சேவலுக்காக மட்டும் கண்ணீர் விடுவோர், முதலில் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும்.

எனினும் ஒருவர் செய்யும் பிழை மற்றொருவர் பிழையை அறமாக்கிவிடுமா? ஆகாது. காட்டிலே இரண்டு சேவல்கள் பொருதினால், வலியிழந்தது ஓடிவிடும். வென்றது கூவிவிட்டுத் தன் வழியே போய்விடும். ஓடுவதற்கு இடம் உண்டு என்பதே இயற்கை செய்து வைத்த கருணை. களத்திலோ ஓட முயலும் பறவையைப் பிடித்து, நீர் தெளித்து, மீண்டும் எதிரே நிறுத்துகின்றோம். அதன் முள் கீறலாம். நாம் கட்டிய கத்தியோ குடலையே சரித்துவிடும். அக்கத்தி மனிதரையும் விட்டுவைப்பதில்லை. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தெலங்கானாவிலே, களத்துக்குக் கொண்டுவந்த தன் சேவலின் காற்கத்தி பட்டே ஒருவர் உயிர் துறந்தார். தான் கட்டிய கத்தி தன்னையே வெட்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சட்டத்தின் நிலையும் தெளிவானது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. களிப்பின்பொருட்டு விலங்குகளையும் பறவைகளையும் போருக்கு ஏவுதல் அச்சட்டப்படி குற்றம். ஏறுதழுவுதலுக்காகத் தமிழக அரசு 2017-இல் சட்டத்திருத்தம் செய்தது. உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அதனை ஏற்றது. அத்திருத்தம் காளைகளுக்கு உரியது, சேவலுக்கு உரியதன்று. இருப்பினும் சட்டத்திற்கு அஞ்சி ஒன்றை விடுதல் வேறு. உள்ளம் உணர்ந்து விடுதல் வேறு. காவலர் வரும்போது தோப்புக்குள் ஓடி, அவர் போனபின் திரும்பிவந்து கூடுவதை நாம் அறிவோம். ஆதலின் கோயிலில் நின்று சட்டம் பேசுவதைக் காட்டிலும் சமயம் பேசுவதே தகும்.

மெய்யன்பர்களே! சேவற்கட்டு நடத்துவோர் சிலர், "முருகன் கொடியிலே உள்ள பறவை அன்றோ? அதனைப் போரிட வைப்பது அவனுக்கு உகந்ததே" என்கின்றனர். இங்குத்தான் நாம் கந்தபுராணத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கச்சியப்ப சிவாசாரியார் காட்டும் காட்சி யாது? வேலால் பிளவுண்ட சூரனின் இரு கூறும் சேவலும் மயிலுமாகி வெளிப்பட்டன. வெளிப்பட்டபோது அவை வணங்கி வரவில்லை; பகைமை மாறாமல் போருக்கே பாய்ந்து வந்தன. அப்பொழுது எம்பெருமான் என் செய்தான்? வேலை மீண்டும் எறிந்தானா? இல்லை. அருள்நோக்கம் செய்தான். அந்நோக்கம் பட்ட அளவில் சினம் ஒழிந்தது, பகை தொலைந்தது. சேவல் கொடியாய் உயர்ந்தது. மயில் ஊர்தியாய்த் தாழ்ந்து பணிந்தது.

இதனை ஊன்றி நோக்குங்கள். போரிட வந்த சேவலைப் போரிலிருந்து விடுவித்தவன் முருகன். கொடியில் நிற்கும் சேவல் சண்டைச் சேவலன்று. சண்டை முடிந்த சேவல். அது கூவுவது எதிரியை அழைப்பதற்கன்று. இருள் நீங்கிற்று, எழுமின் என்று உயிர்களை எழுப்புவதற்கு. அவன் போரை விடுவித்த பறவையைப் பிடித்து மீண்டும் போரில் இறக்கிவிட்டு, அவன் பெயரையே சொல்வது எவ்வளவு பொருந்தாத செயல்! சங்கப் புலவர் கண்ட குப்பைக் கோழிகளை ஏவுவாரும் இலர், விலக்குவாரும் இலர். நம் களத்துச் சேவல்களுக்கு ஏவுவார் ஆயிரம் பேர். விலக்குவார் ஒருவரும் இலர். கந்தபுராணச் சேவலுக்கோ விலக்குவோனாக ஆண்டவனே நின்றான். இம்மூன்றில் அடியார் சேர வேண்டிய பக்கம் எது?

சைவம் உயிரைப் பசு என்கின்றது. அதனைப் பிணித்திருப்பதைப் பாசம் என்கின்றது. பாசம் என்றால் கட்டு. ஒருவன் சேவலின் காலிலே கத்தியைக் கட்டும்போது, தன் உயிரின்மீது ஆணவத்தை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொள்கின்றான். "என் சேவல் வென்றது" என்கின்றானே, வென்றது யார்? குருதி சிந்தியது பறவை. மீசையை முறுக்குவது இவன்! தோற்றால் பறவைமீது சினம். வென்றால் தன்மீது பெருமிதம். இதுவே ஆணவத்தின் இலக்கணம். திருவாரூரிலே தேர்க்காலில் பட்ட ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனைப் பெரியபுராணம் போற்றுகின்றது. ஆனாய நாயனார் குழல் ஊதியபோது பகையுள்ள விலங்குகளெல்லாம் பகை மறந்து ஒருங்கு நின்றன என்றும் அந்நூல் காட்டுகின்றது. பகையில்லாதவற்றுக்குப் பகை மூட்டுவதா, பகையுள்ளவற்றின் பகை ஆற்றுவதா, எது அடியார் நெறி?

சில ஆண்டுகளுக்கு முன், விழாவொன்றில் நாம் பேசி முடித்தபின், முதியவர் ஒருவர் நம்மைத் தனியே சந்தித்தார். அவர் பெயரும் ஊரும் இங்கே வேண்டா. தந்தை காலம் தொட்டுச் சேவல் வளர்த்த குடும்பம் அவருடையது. ஓராண்டு, மகளின் திருமணத்திற்கென்று சேர்த்து வைத்த பணத்தை ஒரே சேவல்மீது வைத்தார். சேவல் தோற்றது. "பணம் போனதுகூடப் பெரிதில்லை, ஐயா. குடல் சரிந்த நிலையிலும் அது என்னைப் பார்த்தது. நான் தூக்கினால் பிழைத்துவிடும் என்று எண்ணியது போலும். நான் தூக்கவில்லை. பந்தயம் முடியவில்லையே என்று நின்றேன்" என்றார். அதன்பின் அவரால் பேச முடியவில்லை. நம்மாலும் ஒன்றும் சொல்ல இயலவில்லை. பின்னர் அவர் பஞ்சபட்சி பார்த்த கணக்குப் புத்தகத்தைக் கிழித்து அடுப்பிலிட்டார். ஆனால் சேவல் வளர்ப்பதை அவர் விடவில்லை. இன்றும் அவர் தோட்டத்திலே நல்ல நாட்டுச் சேவல்கள் உலவுகின்றன. இனம் வேண்டுவோர்க்குக் குஞ்சுகள் கொடுக்கின்றார். கத்தி மட்டும் அவர் வீட்டில் இல்லை.

அந்தப் பெரியவரே இன்றைய வினாவுக்கு விடை. மரபைக் காக்க வேண்டுமா? காப்போம். இனத்தைக் காக்க வேண்டுமா? வளர்ப்போம். சேவலின் அழகையும் நடையையும் கம்பீரத்தையும் காட்ட வேண்டுமா? களத்தில் மோதவிடாமலே காட்டலாம். முன்னோர் செய்ததனைத்தையும் அப்படியே செய்வது மரபாகாது. முன்னோர் மாண்ட சேவலுக்குக் கல் நட்டனர். நாம் அதனைக் கோச்சை என்று குழம்பு வைக்கின்றோம். அவர்களிடமிருந்து நாம் பெற்றது மதிப்பா, கத்தியா?

ஆதலின் அன்பர்களை இரந்து வேண்டுவது மூன்றே. கோயில் விழாவின் பெயரால் எவரும் சேவற்கட்டு நடத்த வேண்டா. குடும்பத்தின் பணத்தைப் பறவையின் உயிர்மீது பந்தயமாக வைக்க வேண்டா. வீட்டில் சேவல் வளர்ப்போர், பொழுது புலரும்முன் அது கூவும்போது, அதனைக் கந்தன் கொடிச் சேவலின் குரலாகக் கேட்டு, எழுந்து திருநீறு அணியுங்கள்.

தோள்மீதிருந்த அந்தக் குழந்தை இக்கூட்டத்தில் எங்கேனும் இருப்பின், அவனுக்கு நாம் சொல்லும் விடை இது: இல்லை, குழந்தாய். அந்தச் சேவலைக் கட்டுக்கு விடமாட்டார்கள். அதன் சண்டை முடிந்துவிட்டது. முருகன் பார்த்துவிட்டான்.

எல்லா உயிர்க்கும் அப்பார்வை கிடைப்பதாக.

திருச்சிற்றம்பலம்.