மடி ஓர் இருக்கை அல்ல

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பேருந்து சட்டென நின்றால் பயணிகள் ஏன் முன்னோக்கிச் சாய்கிறார்கள் என்று கேட்பேன். “நிலைமம், டீச்சர்!” என்று வகுப்பே சொல்லும். ஆனால் அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியது என் மகள்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. உறவினரின் காரில் திருமணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன் இருக்கையில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு நான். என் மடியில் அவள். ஓர் ஆடு குறுக்கே ஓடிவர, ஓட்டியவர் பிரேக் போட்டார். கார் எதிலும் மோதவில்லை. இரு கைகளாலும் அவளை அணைத்துத்தான் இருந்தேன். ஆனாலும் என் பிடியிலிருந்து நழுவி, டேஷ்போர்டில் நெற்றி மோதி, மூன்று தையல் போட வேண்டியதாயிற்று.

அன்றிரவு அவள் தூங்கிய பிறகு ஒரு கணக்குப் போட்டேன். கார் மோதியிருந்தால்?

மணிக்கு 40 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். கார் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோ குழந்தையையும் அதே நேரத்தில் நிறுத்த 1,650 நியூட்டன் விசை வேண்டும். 165 கிலோவைத் தூக்குவதற்குச் சமம். மூன்று சிமெண்ட் மூட்டைக்கும் மேல். எந்தத் தாயின் கை தாங்கும்? இன்னொரு வகையில் சொன்னால், அந்த வேகத்தில் மோதுவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பு. நம் பள்ளி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு குழந்தையை உட்கார வைப்போமா?

தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவதும் தீர்வல்ல. மோதும்போது பெல்ட்டுக்கும் தாயின் உடலுக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

பெரியவர்களின் அளவுக்குச் செய்யப்பட்ட பெல்ட் குழந்தைக்குக் கழுத்திலும் வயிற்றிலும் விழும். அதனால்தான் குழந்தைகளுக்கெனத் தனி இருக்கை. கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து மெலிது. ஆகவே காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி அமரும் இருக்கை அதற்கு ஏற்றது. மோதும் விசையை முதுகும் தலையும் சேர்ந்து தாங்கும். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் அதைப் பொருத்தவே கூடாது. விரியும் பையே குழந்தையைத் தாக்கிவிடும். சற்று வளர்ந்தபின் முன்னோக்கிய இருக்கை. பிறகு உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை. பெல்ட்டின் மேல்பட்டை தோளிலும் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பிலும் சரியாகப் படியும் உயரம் வந்த பிறகே வெறும் பெல்ட். எந்த வயதானாலும் பிள்ளைகளுக்குப் பின் இருக்கையே நல்லது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

“நம் பிள்ளைகளில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில்தான் வருகிறார்கள். அவர்களுக்கும் விதி உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதம் முதல் தலைக்கவசம், வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. இவை 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளன. நான்கு வயதைத் தாண்டியவர்களுக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஆனால் பள்ளி வாசலில் நாம் பார்ப்பது என்ன? ஸ்கூட்டரின் முன்னால் நின்றபடி வரும் பிள்ளை. தலைக்கவசம் அப்பாவுக்கு மட்டும். ஒளிப்பானேன், ஆசிரியர்களாகிய நம்மில் சிலரும் நம் பிள்ளைகளை அப்படித்தான் அழைத்து வருகிறோம்.

உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை. நம் வகுப்பறைகளில் இருப்பவர்கள் அந்த வயதினர்தாம்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. தொடக்க வகுப்பில் ஒரு பொம்மைக் காரின் மேல் களிமண் பொம்மையை உட்கார வைத்து உருட்டுங்கள். ஒரு புத்தகத்தில் மோதட்டும். பிறகு பொம்மையை ரிப்பனால் கட்டி மீண்டும் உருட்டுங்கள். விளக்கமே தேவைப்படாது. பத்தாம் வகுப்பில் நான் போட்ட கணக்கைக் கொடுங்கள். விடையை வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் பேசுங்கள். குழந்தை இருக்கை எல்லோராலும் வாங்கக்கூடிய விலையில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் பின் இருக்கைக்கும் ஏற்கெனவே இருக்கும் பெல்ட்டுக்கும் செலவில்லை. குழந்தைத் தலைக்கவசத்தின் விலையோ கைக்கெட்டாததல்ல.

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நெற்றித் தழும்பு இன்னும் இருக்கிறது. காரில் ஏறியதும், “அம்மா, பெல்ட்” என்று எனக்கு நினைவூட்டுவது அவள்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.