பிடித்தால் விடாத ஃப்ளூரின்

பற்பசை விளம்பரங்களில் ஃப்ளூரைடு என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்குத் தாய்த் தனிமம் ஃப்ளூரின். அதைத் தனியே பிரித்துக் காண முயன்று உயிரையே இழந்த ஆய்வாளர்கள் உண்டு. அந்தத் தனிமத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஃப்ளூரின் வெளிர் மஞ்சள் நிற வாயு. அணு எண் 9. இதன் வெளிக்கூட்டில் ஏழு எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. இன்னும் ஒன்று கிடைத்தால் கூடு நிறைந்துவிடும். அணுவும் மிகச் சிறியது என்பதால், அருகில் வரும் எலெக்ட்ரானை உட்கரு வலுவாக இழுக்கும். அந்த இழுவிசையில் ஃப்ளூரினை மிஞ்சிய தனிமம் இல்லை. கந்தகமும் சிலிக்கானும் இந்த வாயு பட்டதும் தீப்பற்றும். தண்ணீரோடு சேர்ந்தால், அதிலுள்ள ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு ஆக்ஸிஜனை வெளியே தள்ளிவிடும்.

இப்படி எதைக் கண்டாலும் பற்றிக்கொள்ளும் பொருளை எந்தப் பாத்திரத்தில் பிடிப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்களை வாட்டிய கேள்வி இது. அதன் முன்கதை இன்னும் பழையது. ஃப்ளூரின் அடங்கிய ஃப்ளூர்ஸ்பார் என்ற கனிமத்தைச் சேர்த்தால் உலோகத் தாது எளிதில் உருகும் என்பது 1529ஆம் ஆண்டிலேயே கனிம அறிஞர் அக்ரிகோலா எழுதிவைத்த செய்தி. 1771இல் வேதியியலாளர் ஷீலே அந்தக் கல்லை அமிலத்தோடு சூடாக்கி, கண்ணாடியை அரிக்கும் ஒரு புதிய அமிலத்தைப் பெற்றார். அதுதான் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். அது தோலுக்குள் ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். நீர்த்த அமிலம் பட்டால் வலி தெரியவே சில மணி நேரம் ஆகலாம். இந்த அமிலத்திலிருந்து ஃப்ளூரினைப் பிரிக்க முயன்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அதன் ஆவியால் நோயுற்றார். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் கடும் பாதிப்புக்கு உள்ளானார்கள். பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்லெஸ் இருவரும் இறந்தே போனார்கள். இதையெல்லாம் அறிந்தும் அடுத்தவர் துணிந்து வந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அப்படி வந்தவர் பாரிசைச் சேர்ந்த ஆன்ரி முவாசான். அமிலத்தில் துளி ஈரம் இருந்தாலும், மின்சாரம் செலுத்தும்போது ஃப்ளூரினுக்குப் பதில் ஆக்ஸிஜன்தான் வரும். ஈரமே இல்லாவிட்டால் அமிலத்தில் மின்சாரம் பாயாது. ஈரமற்ற அமிலத்தில் பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃப்ளூரைடைக் கரைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார் முவாசான். பிளாட்டினத்தால் ஆன வளைகுழாயைக் கடுங்குளிரில் வைத்தார். குழாயின் அடைப்பான்களை ஃப்ளூர்ஸ்பார் கல்லிலேயே கடைந்து செய்தார். இந்த யோசனைதான் என்னை மிகவும் கவர்கிறது. ஏற்கெனவே ஃப்ளூரினால் நிறைந்த கல்லிடம் ஃப்ளூரின் பறிக்க இனி என்ன இருக்கிறது?

1886 ஜூன் 26 அன்று வாயு வந்தது. அதன் எதிரே வைத்த சிலிக்கான் சுடர்விட்டு எரிந்தது. ஆனால் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் குழு நேரில் பார்க்க வந்தபோது எதுவும் வரவில்லை. அமிலத்தை அவர் அளவுக்கு மீறித் தூய்மைப்படுத்தியிருந்ததே காரணம். அந்தப் பொட்டாசியம் உப்பைச் சேர்த்ததும் ஃப்ளூரின் மீண்டும் வந்தது. 1906இல் நோபல் பரிசு பெற்ற முவாசான், அடுத்த பிப்ரவரியிலேயே காலமானார்.

அந்த அடைப்பான் கல்லின் குணம்தான் நம் அடுப்படி வரை வந்திருக்கிறது. 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் வேதியியலாளர் ராய் பிளங்கட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, உருளையின் எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். அதில் கார்பனைச் சுற்றி ஃப்ளூரின் இறுகப் பிடித்திருப்பதால் அமிலமும் எண்ணெயும் அதை அசைப்பதில்லை, அதைப் பூசிய சட்டியில் தோசையும் ஒட்டுவதில்லை. இதே உறுதியால், இந்த இனத்தைச் சேர்ந்த வேறு சில வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன. அதற்கான விலையை உலகம் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அலுமினியம் பிரித்தெடுக்கும் உலையிலும், யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலையிலும் ஃப்ளூரின் சேர்மங்கள் வேலை செய்கின்றன.

இவற்றைவிட நமக்கு நெருக்கமான இடம் குடிநீர். ஃப்ளூரைடு சிறிதளவு இருந்தால் பல் எனாமல் அமிலத்தைத் தாங்கும் வலுப்பெறும். கூடினால் பற்களில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் எலும்பு கெட்டித்து முதுகும் மூட்டும் மடங்காமல் போகும். இந்த நோய் இந்தியாவில் இருப்பதை மருத்துவ உலகம் 1937இல் அறிந்தது. இடம், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளிலும் பாறையிலிருந்து கரைந்து கிணற்று நீரில் ஃப்ளூரைடு சேர்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அங்கே கொண்டு வந்தது இதற்காகத்தான்.

குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறத்திலோ சுவையிலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு ஏறவே செய்யும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் நேயர்கள் அதை ஒருமுறை ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். பல் முளைக்கும் வயதுக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.