பல்கலைக்கழகத் தன்னாட்சியும் கொள்முதல் விதிகளும்



அறக்கட்டளைச் சொற்பொழிவென்றால் குறளையோ கம்பனையோ பற்றிப் பேசுவது மரபாகிவிட்ட நம் நாட்டில், ஒப்பந்தப்புள்ளி, விலைப்புள்ளி, கொள்முதல் குழு என்னும் உலர்ந்த சொற்களை இந்த மேடைக்குக் கொண்டுவரத் துணிந்தமைக்காக முதற்கண் தங்கள் பொறுமையை வேண்டிக்கொள்கிறேன். ஆயினும், ஒரு பல்கலைக்கழகத்தின் சுதந்திரம் அதனை நிறுவிய சட்டத்தின் முகவுரையில் எவ்வளவு கம்பீரமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டிலும், அதன் பௌதிகத் துறைத் தலைவர் ஒரு நுண்ணோக்கியை வாங்குவதற்கு எத்தனை மேசைகளைக் கடக்கவேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டே மெய்யாக அளக்கப்படும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில், நம் டாக்டர் லக்ஷ்மணசாமி முதலியார் அவர்களையும் ஓர் உறுப்பினராகக் கொண்டு அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, அரசு தரும் உதவி வேறு, அரசு செலுத்தும் ஆதிக்கம் வேறு என்று திட்டமாக வரையறுத்துச் சென்றது. அக்குழுவினர் கண்முன் இருந்த மாதிரி பிரிட்டனில் 1919இல் தோன்றிய பல்கலைக்கழக மானியக் குழு. அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மானியத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டுச் செலவின் நுட்பங்களைப் பல்கலைக்கழகங்களின் விவேகத்துக்கே விட்டுவிடும் வழக்கமுடையதாக இருந்தது. அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர்கூட 1968ஆம் ஆண்டு வரையில் பல்கலைக்கழகங்களின் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்க்க உரிமை பெற்றிருக்கவில்லை என்று சொன்னால், நம் நிதி அலுவலர்கள் புராணக் கதை கேட்பதுபோல் புன்னகை செய்வார்கள். அந்த மாதிரியைத் தழுவியே நாமும் மானியக் குழுவை 1953இல் அமைத்து 1956இல் சட்டத்தின் ஆதாரத்தை அதற்கு அளித்தோம். பெயர் வந்துசேர்ந்தது, நம்பிக்கைதான் உடன் வரவில்லை.

இவ்விடத்தில் சர் சி. வி. ராமன் அவர்களை நினையாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் புலப்பட்ட ஒளிச்சிதறல் உண்மை, கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் பொதுமக்களின் நன்கொடையைத் திரட்டி நிறுவிய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கத்தின் பிரயோகசாலையில், ஏறக்குறைய 200 ரூபாய் பெறுமானமுள்ள கருவிகளைக் கொண்டு கண்டறியப்பட்டதென்பது பிரசித்தம். சிக்கனத்துக்கு உதாரணமாக இதை எடுத்துக்காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இன்ன கருவி வேண்டும், அதை இன்னவாறு மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் தீர்மானம் ஆராய்ந்தவர் கையிலேயே இருந்தது என்பதே அந்த 200 ரூபாயின் ரகசியம். அவரோ 1907 முதல் பத்தாண்டுக் காலம் அரசாங்கத்தின் நிதி இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்தவர். கணக்கு விதிகளின் அருமையை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது.

விதிகளே வேண்டாம் என்று வாதிக்க நான் வரவில்லை. பொதுப் பணத்தைச் செலவிடும் கைகள் கண்காணிப்பின்றி இருந்தால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். கே. சந்தானம் அவர்களின் தலைமையில் 1962இல் அமைந்த ஊழல் தடுப்புக் குழுவும், அதன் பரிந்துரையால் 1964இல் பிறந்த மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும், 1998இல் தமிழ்நாடு ஏனைய மாநிலங்களுக்கு முன்னோடியாக இயற்றிய ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் காரணமின்றித் தோன்றியவை அல்ல. பேராசிரியர் என்ற பட்டம் ஒருவரைப் பேராசையினின்றும் காப்பாற்றிவிடுவதில்லை. கல்விக்கூடங்களின் கட்டட ஒப்பந்தங்களையும் விடைத்தாள் அச்சடிப்பையும் குறித்து அவ்வப்போது எழும் வதந்திகள் அனைத்தும் பொய்யென்று சத்தியம் செய்ய நான் தயாராக இல்லை.

என் வாதம் வேறு. தகுதி பெற்ற விலைப்புள்ளிகளுள் மிகக் குறைந்ததை ஏற்றுக்கொள்க என்னும் விதி, அலுவலக வழக்கில் எல் ஒன் என்று வழங்குவது, ஒன்றுக்கொன்று பேதமற்ற பொருள்களுக்கென எழுந்தது. சிமெண்டு மூட்டைக்கும் நாற்காலிக்கும் அது முற்றிலும் பொருந்தும். ஆனால் ஆய்வுக்கான ஒரு வேதிப்பொருளின் தூய்மையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலும் ஆறு மாத உழைப்பு வீணாகலாம். ஒரு நிறமாலைமானியின் தரம் விலைப்பட்டியலில் அன்று, அதைக் கொண்டு எழுப்பப்படும் வினாவில் அடங்கியிருக்கிறது. பழுது பார்க்க வரும் பொறியாளர் சென்னையில் இருக்கிறாரா, கடல் கடந்து வரவேண்டுமா என்பது ஒப்பீட்டுப் பட்டியலின் கட்டங்களுக்குள் எளிதில் அடங்காது. ஒரே நிறுவனம் மட்டும் செய்யும் கருவியாயின் தனியுரிமைச் சான்று எழுதித் தரலாம் என்று விதி இடங்கொடுக்கிறது. ஆனால் அச்சான்றில் கையெழுத்திடுபவர் ஐந்தாண்டு கழித்து வரப்போகும் தணிக்கை ஆட்சேபணையை இன்றே மனக்கண்ணால் கண்டு நடுங்குகிறார். இதனிடையே மார்ச் 31 நெருங்கும். பணம் திரும்பிவிடுமே என்னும் அச்சத்தால், வேண்டிய பொருள் கிடைக்காத இடத்தில் கிடைத்த பொருள் வாங்கப்படும். பணம் உரியவாறு செலவாயிற்றென்னும் பயன்பாட்டுச் சான்றிதழோ பழுதின்றிப் போய்ச்சேரும்.

இவ்விடர்கள் போதாவென்று, 2016இல் தொடங்கிய அரசு மின்சந்தையான ஜெம், 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளால் மத்திய அரசுசார் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 2020 மே மாதத்தில், 200 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதல்களுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரலாகாதென விதி திருத்தப்பட்டது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் இங்கே எவரும் உற்பத்தி செய்யாத கருவிக்கும் தலைநகரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டபின், 2025 ஜூன் மாதத்தில் மத்திய நிதியமைச்சகம் இறங்கிவந்தது. ஆய்வு நிறுவனங்கள் விலைப்புள்ளியின்றி நேரே வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழுவின் வழியே வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தன. ஆய்வுக் கருவிகளை மின்சந்தைக்கு வெளியே வாங்கவும், 200 கோடி வரையில் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு இசைவு தரவும் துணைவேந்தர்களுக்கும் இயக்குநர்களுக்கும் அதிகாரம் கிடைத்தது. இதை வரவேற்கிறேன். தொகை பெருகியதனால் அன்று. முடிவெடுக்கும் இடம் பொருளின் உபயோகத்தை அறிந்தவர்க்கு அருகே நகர்ந்து வந்தது என்பதனால்.

ஆனால் இச்சலுகை மத்திய விதிகளின் கீழ் வரும் விஞ்ஞான ஆய்வுக்கே உரியது. மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரோ மாநில விதிகளுக்கும், மத்திய மானியம் பெற்றிருந்தால் அம்மானியத்தின் நிபந்தனைகளுக்குமாக இரு எஜமானர்க்கு விடை சொல்லவேண்டியவர். தன்னாட்சிக் கல்லூரிகளின் நிலையும் இத்தகையதே. லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி முதலியவை 1978இல் தன்னாட்சி பெற்றபோது, பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரிகளின் கைக்கு வந்தன. அரசுக் கல்லூரிகளும் பின்னர் அவ்வரிசையில் சேர்ந்தன. புதிய பாடம் வகுக்க உரிமையுண்டு, அப்பாடத்துக்கு வேண்டிய பிரயோகசாலையை அமைக்கக் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் ஆணையை எதிர்நோக்க வேண்டும் என்னும் நிலை, சமையலை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு உக்கிராணத்தின் சாவியைத் தம் இடுப்பிலேயே சொருகிக்கொண்டிருக்கும் மாமியாரின் தாராளத்தை ஒத்தது.

சாவியைப் பெறுவோரும் ஒரு விரதம் பூண வேண்டும். முன்னனுமதியைக் குறைத்து, பின்விசாரணையைக் கூர்மையாக்குவதே நான் வேண்டும் முறை. எதை, யாரிடம், என்ன விலைக்கு, எக்காரணத்தால் வாங்கினோம் என்பதைத் துறைதோறும் ஒரு மாதத்துக்குள் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடட்டும். கொள்முதல் குழுவில் வேறொரு பல்கலைக்கழகத்து அறிஞர் ஒருவர் அமரட்டும். தணிக்கையாளர் கோப்பில் கையெழுத்துகளை எண்ணுவதோடு நில்லாமல், வாங்கிய கருவி மூன்றாம் ஆண்டிலும் இயங்குகிறதா என்று பிரயோகசாலைக்கே வந்து பார்க்கட்டும். நேர்மையாகச் செய்த தேர்வு பிழைத்துப்போனால் அதைக் குற்றமாகக் கருதாத பெருந்தன்மையும், தன்னலத்தால் செய்த தேர்வு மலிவாகவே அமைந்தாலும் அதை மன்னியாத கண்டிப்பும் தணிக்கைக்கு வேண்டும்.

சிமெண்டும் நாற்காலியும் இப்போதுள்ள விதிகளின்படியே வாங்கப்படட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. கல்விக்கும் ஆய்வுக்கும் வேண்டும் கருவிகள், வேதிப்பொருள்கள், நூல்கள் ஆகியவற்றுக்கு மட்டும் பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரிய தனி அத்தியாயம் ஒன்றை மாநிலக் கொள்முதல் விதிகளில் சேர்க்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அத்தியாயத்தின் முதல் வரைவை எழுதித் தரும் பொறுப்பை, அரசு அழைக்கும்வரை காத்திராமல், இந்த அவையிலுள்ள பேராசிரியர்களும் நிதி அலுவலர்களும் ஒன்றுகூடி ஏற்க வேண்டுமென்று கேட்டு அமைகிறேன்.